நாலு ஓலைக் கல்யாணம்

மதலேனம்மாளுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்தால் சிரித்தாள். ஏலத்தோட்டத்தில் காலடியில் பாம்பு ஓடியபோது சிரித்தாள். மற்றப் பெண்கள் ஓடிவந்து அதை அடித்து முடித்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அப்பா இன்னாசி இறந்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிய மகளைப் பார்த்து, "பாவம், என்னமா அழுகுறா" என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். அவள் ஆத்தா அந்தோணியம்மாளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவள் அழுதாள்தான். ஆனால் சிரித்த பிறகு அழுதாள்.

"இந்தச் சிரிப்பாலதான்டி ஒனக்கு மாப்ள அமைய மாட்டேங்குது" என்று அந்தோணியம்மாள் சொல்லாத நாளில்லை. அதிலும் பொய்யில்லை. தேவாரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவன் தன் காதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான். அவன் காது கொஞ்சம் பெரிசுதான். ஆனால் மதலேன் அதைப் பார்க்கவேயில்லை. அவள் தரையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள்.

ஊர் சூசையப்பர்பட்டி. போடியிலிருந்து ராசிங்காபுரம் போகிற ரோட்டை விட்டு விலகி, மலையைப் பார்த்துக் கொஞ்ச தூரம் நடந்தால் வரும். ஒரு தெரு வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மற்றத் தெருக்களெல்லாம் காளியம்மனைக் கும்பிடுகிற வெள்ளாமைச் சம்சாரிகள். சூசையப்பர் சப்பரம் வந்தால் காளியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைப்பார்கள். அங்கே பொங்கல் வைத்தால் வேதக்காரத் தெருவுக்குத் தூக்குவாளி வரும். பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு தெருவிலும் ஒரே சோலிதான்: காலையில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாக மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவது.

ரோமாபுரி உத்தரவில் உலகமெங்கும் கோயில் பூசை மாறிப் பல வருசம் ஆகியும் சூசையப்பர்பட்டிக்கு அந்த மாற்றம் வந்து சேரவில்லை. பழைய பங்குச் சாமியார் வயதானவர். சனங்களுக்கு முதுகைக் காட்டியே பூசை வைத்துப் பழகியவர். "திரும்பி நின்னா எனக்கு செபம் மறந்து போகும்" என்று சொல்லிவிட்டார். எழுபத்தேழாம் வருசம் அவர் ஓய்வு பெற்றுப் போனதும், தைரியநாதன் சாமி ஒரு பழைய ராஜ்தூத் பைக்கில் புழுதி பறக்க வந்து இறங்கினார். முப்பது வயசு இருக்கலாம். வந்த வேகத்தில் பீடத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி முன்னால் போட்டார். பீடத்துக்கும் சனங்களுக்கும் குறுக்கே இருந்த கிராதியைப் பிடுங்கினார். பாட்டுக்குக் கை தட்டலாம் என்றார். கோயில் உச்சியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினார். ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று வயலைப் பார்த்து. முதல் நாள் அவர் "மைக் டெஸ்டிங்" என்று சொன்னதற்கு, வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து வானத்தைக் கும்பிட்டார்கள்.

ஊருக்கே கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்தது. சாமியார் முகத்தைப் பார்த்துப் பூசை காண்பது பெண்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் யாரும் வீட்டில் தங்கவில்லை. வழக்கமாகத் திருநாளுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறவர்கள்கூட, இந்த வாரம் இவர் எதைப் பிடுங்கப் போகிறாரோ என்று பார்ப்பதற்காக முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், "இனிமே வாசகத்தைப் பெண்களும் வாசிக்கலாம்" என்றார்.

ராயப்பன் உபதேசியார் இருமினார். வாசகம், அறிவிப்பு, கல்யாண ஓலை எல்லாம் இத்தனை காலமும் அவருடைய குரலில்தான் வந்தன. பீடத்தை நகர்த்தியபோது ஒருமுறை இருமியிருந்தார். கிராதியைப் பிடுங்கியபோது இரண்டு முறை. இந்த இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

"யார் வாசிக்கிறீங்க?" என்று சாமி கேட்டார். பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் குனிந்தது. தன்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயத்தில் மதலேன் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கோயிலின் பின்சுவரில் போய் அடித்துத் திரும்பி வந்தது.

"அந்தா, அந்தப் பொண்ணு. ஒனக்கு மைக்கே வேண்டாம் போலயே! பேர் என்ன?"

"இன்னாசி மக மதலேன், சாமி."

"பத்தாவது படிச்சவ சாமி" என்று பக்கத்தில் இருந்த யாரோ காட்டிக்கொடுத்தாள். அவ்வளவுதான், முடிந்தது.

அடுத்த ஞாயிறு வரை மதலேன் வாசகத்தை ஏலச்செடிகளுக்கு வாசித்துக் காட்டினாள். கொரிந்தியர் என்ற சொல்லில் நாக்கு தடுக்கியது. அதையும் பழக்கிவிட்டாள். ஆனால் அந்த ஞாயிறு ஒரு கல்யாண ஓலையும் இருந்ததை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வேதக்காரர்களுக்குக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. அன்றைக்கு ஓலை ஜீப் டிரைவர் பால்சாமிக்கு. தாய் தகப்பன் இல்லாதவன். மலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டுகிறவன். ஜீப்பின் சொந்தக்காரர் உக்கிரபாண்டி காளியம்மன் கோயில் தெருவில் பெரிய சம்சாரி. அவர்தான் அவனுக்குப் பெரியவராக நின்று பெண் கேட்டார். பெண், பலசரக்குக் கடை இன்னாசியின் மகள் செல்லக்கிளி. தெருவில் இரண்டு இன்னாசி இருந்ததால் கடைக்காரர் பெரிய இன்னாசி. மதலேனின் அப்பா சின்ன இன்னாசி. பங்காளிகள். மதலேன் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதலேன் பீடத்துக்கு ஏறினாள். மைக்கு கிறீச்சென்று கத்தியது. அவளுக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்து முடித்தாள். கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தோணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தைரியநாதன் சாமிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பூசை முடிவில் ஓலையைத் தூக்கிக்கொண்டு எழுந்த உபதேசியாரைக் கையமர்த்தி, தாளை வாங்கி மதலேனிடமே நீட்டினார்.

"இதையும் நீயே வாசிம்மா."

அவள் வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள்.

"காலஞ்சென்ற சவரிமுத்துவின் மகன் பால்சாமிக்கும், நமது பங்கைச் சேர்ந்த இன்னாசியின் மகள்..."

இன்னாசி மகள் என்று சொன்னால் அடுத்து என்ன வரும் என்பது அவள் வாய்க்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ரேசன் கடையிலும், மலையில் பேர் போடுகிற மேஸ்திரியிடமும், போன வாரம் இதே சாமியிடமும் சொன்னதுதான்.

"...மதலேனம்மாளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டியது. இது முதல் ஓலை."

கோயில் அப்படியே நின்றது. மதலேன் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாருடைய வாயும் ஏன் திறந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. தான் சொன்னது அப்போதுதான் அவள் காதுக்கே வந்து சேர்ந்தது, வயலைப் பார்த்த ஸ்பீக்கரின் சத்தம் மலையில் மோதி, "...மதலேனம்மாளுக்கும்..." என்று மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. அப்புறம் என்ன வரும்? மைக்கின் முன்னாலேயே சிரித்தாள். ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து சிரித்தன.

"தப்பு! தப்பு!" என்று உபதேசியார் பாய்ந்து வந்தார். அதுவும் ஸ்பீக்கரில் போயிற்று. பெரிய இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பெண்கள் பக்கம் முதலில் ஒருத்தி, பிறகு நாலு பேர், பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பற்றிக்கொண்டது. தைரியநாதன் சாமி உதட்டை இறுக்கிக்கொண்டு, எங்கே பார்த்தால் சிரிப்பு வராதோ அங்கே பார்த்தார், அது கூரை.

"சின்னப் பிழை நடந்துபோச்சு" என்று கடைசியில் அவர் சொன்னார். "மாப்பிள்ளை மனசுல வச்சுக்கக் கூடாது."

பின்னால் கதவோரமாக, புதுச்சட்டையில், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்ற பால்சாமி, "பரவாயில்ல சாமி" என்றான்.

அந்தப் 'பரவாயில்ல'தான் ஊரைக் கெடுத்தது. மைக்கு இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. போனால் போகட்டும் என்று சொன்ன மாதிரியும் இல்லை. பரிசு விழுந்தவன் சொன்ன மாதிரி இருந்தது என்று முன்வரிசை சொன்னது. அப்படியெல்லாம் இல்லை, இயல்பாகத்தான் சொன்னான் என்று பெரிய இன்னாசி வீட்டார் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை ஆளாளுக்கு வேறு வேறு ராகத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

கோயிலுக்கு வெளியே இலவ மரத்தடியில் ஒரே கூச்சல். "எம் மகளோட ஓலைய எவளோ திருடிட்டாளே!" என்று பெரிய இன்னாசி கத்தினார். "என் மக திருடியா?" என்று அந்தோணியம்மாள் சேலையை வரிந்துகொண்டு நின்றாள். அந்த நேரத்தில் உக்கிரபாண்டி வெள்ளைத் துண்டோடு வேகவேகமாக வந்தார். டீக்கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார்.

"யாருய்யா அந்தப் பொண்ணு? மதலேனா? நான் செல்லக்கிளின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்! சரி, சரி. ஒங்க சாமி வாக்குல வந்துருச்சு. எங்க காளியாத்தா கோயில்ல பூசாரி வாயில வந்துட்டா நாங்க மாத்த மாட்டோம்."

"ஏம்ப்பா, இது வாக்கு இல்ல, வாய் தவறு!" என்றார் உபதேசியார்.

"வாய்க்குள்ள இல்லாதது எப்படிய்யா தவறி விழும்?"

மதலேன் கூட்டத்துக்கு நடுவில் நெருப்பில் நிற்பது போல நின்றாள். யாரோ அவள் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தார்கள். செல்லக்கிளி. அழுவாள் என்று மதலேன் நினைத்தாள். செல்லக்கிளியின் முகம் பண்டிகைக்கு வெள்ளையடித்த வீடு போல இருந்தது.

"அக்கா, தயவுசெஞ்சு அடுத்த வாரமும் இப்படியே வாசிச்சுரு."

"பைத்தியமாடி ஒனக்கு?"

"அக்கா, ஜீப்பப் பாத்தாலே எனக்கு வாந்தி வரும். முந்தல் தாண்டி மலையேறினா உசிரே போயிரும். கல்யாணத்துக்கு அப்புறம் மலைமேல பூப்பாறையில குடித்தனமாம். அப்பாகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. எல்லாம் பழகிரும்ங்குறாரு. நான் மதுரையில நர்சு படிக்கணும்க்கா. தரையில இருக்குற ஆசுபத்திரியில வேலை பாக்கணும்."

"அதுக்கு நான் கெடச்சேனா? ஊரே என்னைத் திருடிங்குது."

"திருடுனாத்தான் என்ன? நானே குடுக்குறேன், எடுத்துக்க."

சாயங்காலம் மதலேன் சாமியிடம் போய், இனிமேல் வாசிக்கவே மாட்டேன் என்று சொன்னாள். "வர்ற ஞாயிறும் நீதான். ஓலையைத் திருத்தி வாசிச்சிரு, சரியாப் போகும்" என்றார் தைரியநாதன் சாமி. திருத்தி வாசிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அது ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை. சிரிப்பு வரவில்லை. அதனால் பயம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஜீப்பு வந்து நின்றதும், எப்போதும் போலப் பின்பக்கம் ஏறப் போன மதலேனை, சுப்புத்தாய் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தாள். சுப்புத்தாய் காளியம்மன் கோயில் தெருக்காரி, வாய் ஜாஸ்தி.

"பொண்ணு பின்னாடி உக்காந்தா நல்லாவா இருக்கும்? ஏப்பா பால்சாமி, பள்ளத்துல பாத்து எறக்கு. இன்னைக்கு லோடு வெலை கூடுன லோடு!"

பின்னால் இருந்த பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். பால்சாமி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தான். அவன் காது மட்டும் சிவந்துபோய் இருந்தது. மதலேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலை ஏறும் வரை, பின்னால் இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்கள்.

மேலே போனால் சேதி அவர்களுக்கு முந்தியே ஏறியிருந்தது. வயலில் கேட்டவர்கள் முந்தல் டீக்கடையில் சொல்ல, டீக்கடைக்காரர் முதல் பஸ்சு கண்டக்டரிடம் சொல்ல, தோட்டத்துக் கணக்கர் குட்டப்பன் ஏலக்காய்க் கூடையோடு நின்றவளிடம் வந்து, "கல்யாணம் ஆயோ? ஞங்ஙளோடு ஒண்ணும் பறஞ்ஞில்லல்லோ!" என்று, தங்களிடம் சொல்லவேயில்லையே என மலையாளத்தில் குறைபட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இல்லை இல்லை என்று அவள் சொன்னதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை இறங்கும்போது போடிமெட்டில் ஜீப்பு கொதித்துப்போய் நின்றது. பெண்கள் எல்லோரும் பருப்புவடை வாசனை பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். மதலேனும் எழுந்தாள். "நீ இருடி, ஒனக்கு நான் கொண்டாறேன்" என்று சுப்புத்தாய் அவளை அமுக்கி உட்கார வைத்துவிட்டுப் போனாள். மூடுபனி ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. பால்சாமி தண்ணீர் டின்னோடு வந்து ரேடியேட்டரில் ஊற்றினான். ஊற்றி முடித்த பிறகும் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"தெரிஞ்சு வாசிச்சியா, தெரியாம வாசிச்சியா?"

"நான் வாசிக்கல. வாய் வாசிச்சிருச்சு."

"சரி" என்றான் அவன். மூடியை இன்னொரு சுற்றுத் திருகினான். "மனசு வாசிச்சா என்ன வாசிச்சிருக்கும்?"

பதில் சொன்னால் செல்லக்கிளியின் ஓலையைத் திருடியது உண்மையாகிவிடும் என்று மதலேனுக்குப் பட்டது. அவன் பேனட்டை இறக்கி மூடிவிட்டு, அதன்மேல் கையை ஊன்றியபடி, அவளைப் பார்க்காமல் சொன்னான்:

"மலையேறுறப்ப பின்னாடி நீங்கள்லாம் பேசிக்கிட்டு வருவீங்க. மத்தவங்க பேசுறது இரைச்சலாத்தான் கேக்கும். நீ சிரிக்கிறது மட்டும் தனியாக் கேக்கும். போன தையில ஒனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரல. அந்த வாரம் ரெண்டு வாட்டி கியரைத் தப்பாப் போட்டேன். ஏன்னு எனக்கே தெரியல. ஞாயித்துக்கெழமைதான் தெரிஞ்சுச்சு."

"அப்புறம் ஏன் செல்லக்கிளிய..."

"உக்கிரபாண்டி அண்ணே பாத்தாரு. நான் சரின்னேன். எனக்கு யாரு இருக்கா, இந்தப் பொண்ணு வேணும்னு போய்க் கேக்க? நீ என்னைப் பாத்துச் சிரிச்சிட்டா?"

"பயந்தாத்தான் சிரிப்பேன்" என்றாள் மதலேன். சொல்லிவிட்டு, "ஒங்களப் பாத்து எதுக்குப் பயப்படப்போறேன்?" என்றாள். பால்சாமி முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து வடையோடு சுப்புத்தாய் வந்து சேர்ந்தாள். வந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வடையை இரண்டாகப் பிட்டு ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு, மீதியெல்லாம் தானே தின்றாள்.

ஆனால் கீழே பெரிய இன்னாசி விடுவதாக இல்லை. ஊர்வாயை அடைக்க ஒரே வழி, மகளைக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை பூப்பாறையில் பிடித்திருக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தார். "பொண்ணோட நானும் வர்றேன். நாலு பேர் பாக்கட்டும், யாரு பொண்ணுன்னு" என்று உக்கிரபாண்டிக்குச் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை பெண்கள் போகிற அதே ஜீப்பில், முன்சீட்டில் உக்கிரபாண்டிக்கும் பால்சாமிக்கும் நடுவே, கரைவேட்டி கட்டி ஏறி உட்கார்ந்தார். பின்னால் செல்லக்கிளி, பக்கத்தில் மதலேன், சுற்றிலும் கூடைகளோடு பெண்கள்.

பெரிய இன்னாசி ஐம்பது வருசமாக மலையடிவாரத்தில் குடியிருந்தவர். மலைக்கு ஏறியதே இல்லை. அது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

முந்தல் வரைக்கும் அவர் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார். "வாந்தி கீந்தி எல்லாம் மனப்பிராந்தி" என்றார். முதல் கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் பேச்சு குறைந்தது. அடுத்த வளைவில் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். பின்னால் செல்லக்கிளி மதலேன் மடியில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவள் தயாராகத்தான் வந்திருந்தாள், கையில் எலுமிச்சம்பழமும் மடித்த காகிதப் பையும் இருந்தன. அவள் அப்பாவிடம் ஒன்றும் இல்லை.

"தம்பி, கொஞ்சம் மெதுவா..." என்றார் பெரிய இன்னாசி.

"மெதுவாத்தான் போறேன் மாமா. எண்ணெய் லோடு ஏத்துனா எப்படிப் போவேனோ அப்படிப் போறேன்."

அது சத்தியமான வார்த்தை. பின்னால் இருந்த அத்தனை பெண்களும் பிறகு அதற்குச் சாட்சி சொன்னார்கள். ஆனால் மலைக்கு அது தெரியாதே. ரோடு இடப்பக்கம் திரும்பி, உடனே வலப்பக்கம் திரும்பி, பள்ளத்தாக்கில் போடியும் ராசிங்காபுரமும் தலைகீழாகத் தொங்குவது போலக் காட்டியது. பெரிய இன்னாசி ஒருமுறை கீழே பார்த்தார். பிறகு உக்கிரபாண்டியின் வெள்ளைத் துண்டைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், துண்டு! துண்டு!" என்று உக்கிரபாண்டி அலறினார். நேரம் கடந்துவிட்டது.

அதற்கப்புறம் ஜீப்பு வளைவுக்கு வளைவு நின்றது. அப்பா ஒரு பக்கம் இறங்கி ஓடுவார், மகள் இன்னொரு பக்கம் இறங்கி ஓடுவாள். மெட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெரிய இன்னாசி ரோட்டோரப் பாறையில் மல்லாந்து படுத்துவிட்டார். மதலேன் அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் காட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது, மனுசன் பிழைப்பாரோ என்று. அதனால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே விசிறினாள். பெரிய இன்னாசி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"சிரி ஆத்தா, சிரி" என்றார் பலவீனமாக. பிறகு பால்சாமியைத் தேடினார். "மாப்ளே... இல்ல, தம்பி. ஒங் கையக் குடு. எம் மகள விட்ரு. எங்க குடும்பத்துக்கு இந்த மலை ஆகாது. இந்தா இருக்கா சின்ன இன்னாசி மக. இவளுக்குத் தலை சுத்தாது. எப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், அதனால தெரியாது."

செல்லக்கிளி பாறைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தபடியே ஒரு கையைத் தூக்கி, "ஆமென்" என்றாள்.

பூப்பாறை வீட்டை யாரும் பார்க்கவில்லை. பெரிய இன்னாசி பஸ்சுக்கும் மறுத்துவிட்டு, மகளும் தானுமாக மலைப்பாதையில் நடந்தே இறங்கினார். வழியெல்லாம் மதுரையில் நர்சு படிப்பு எத்தனை வருசம் என்று செல்லக்கிளி சொல்லிக்கொண்டே வர, பதில் பேசத் தெம்பில்லாமல் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார்.

சாயங்காலம் உக்கிரபாண்டி வேறு ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கு தேங்காயோடு அந்தோணியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் பால்சாமி. அந்தோணியம்மாள் அவர்களை உட்காரச் சொல்ல மறந்து, "எம் மக சிரிப்பா, தெரியும்ல?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அதுக்குத்தான் வந்துருக்கோம் தாயி" என்றார் உக்கிரபாண்டி.

எல்லாம் முடிந்ததென்று ஊர் நினைத்தபோது ராயப்பன் உபதேசியார் குறுக்கே விழுந்தார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் உறவுமுறையெல்லாம் சரிதான், அதை அவரே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். அவருடைய வழக்கு வேறு.

"முதல் ஓலை செல்லாது சாமி. அது பிழைன்னு நீங்களே மைக்குல சொன்னீங்க. பிழைய எப்படிக் கணக்குல சேக்குறது? மறுபடி மூணு ஓலை வாசிக்கணும். முதல்ல இருந்து."

"ராசிங்காபுரம் வரைக்கும் கேட்டுருக்குய்யா!" என்று உக்கிரபாண்டி வாதாடினார்.

"கேட்டது எத்தன பேருங்குறது முக்கியம் இல்ல. சரியா வாசிச்சாங்களாங்குறதுதான்."

தைரியநாதன் சாமி யோசித்தார். வந்த நாளிலிருந்து உபதேசியார் கேட்ட எதற்கும் அவர் சரி என்று சொன்னதில்லை. "நீங்க சொல்றதுதான் முறை. மூணையும் நீங்களே வாசிங்க" என்றார். உபதேசியாருக்கு இருமல் வரவில்லை. அந்த ஞாயிறு அவர் சலவை வேட்டியில் வந்து, மைக்குக்கு இரண்டு அடி தள்ளி நின்று, அவள் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் மணி அடிப்பது போல உச்சரித்தார். அதற்கு முன்பே, வாசக நேரத்தில் பெண்கள் பக்கம் திரும்பி, "வாசகத்துக்கு மதலேன் வரலாம்" என்று அவரே கூப்பிட்டிருந்தார். அடுத்த வாரம் வாசிக்கச் செல்லக்கிளியும் இன்னும் இரண்டு பெண்களும் பெயர் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் கல்யாணம். குட்டப்பன் மேலிருந்து ஒரு பை ஏலக்காயோடு இறங்கி வந்தார். காளியம்மன் கோயில் தெருவிலிருந்து உருமியும் தவிலும் வந்தன. அவற்றைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார் சாமி. 'சம்மதமா' என்று கேட்டு முடிக்கும் முன்பே பால்சாமி "சம்மதம்" என்றான். மதலேன் அவனுக்கும் முந்திச் சொல்லிவிட்டதாகப் பெண்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேச்சு. பெரிய இன்னாசி கடையில் இருந்த கல்கண்டையெல்லாம் கொண்டுவந்து அள்ளி இறைத்தார்.

ஊர்வலத்துக்கு ஜீப்பைக் கனகாம்பரச் சரத்தால் மூடியிருந்தார்கள். மாப்பிள்ளை வண்டி ஓட்டக் கூடாது, அது மரியாதை இல்லை என்று உக்கிரபாண்டி சொன்னார். ஜீப்பு தன்னுடையது, ஆகவே தானே ஓட்டுவேன் என்றார். ஜீப்பு அவருடையதுதான். அவருக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்க யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. தெருமுனை வரை நன்றாகத்தான் போனது. முனையில் ரோடு திரும்பியது, உக்கிரபாண்டி திரும்பவில்லை. பொண்ணு மாப்பிள்ளையோடு ஜீப்பு வரப்பைத் தாண்டி, முந்தின நாள் பெய்த மழையில் ஊறிக் கிடந்த அவருடைய சொந்த நிலக்கடலைக் காட்டுக்குள் இறங்கி, சேற்றில் உட்கார்ந்தது.

தைரியநாதன் சாமி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். உபதேசியார் சலவை வேட்டியை மடித்துக் கட்டினார். தவில்காரர்கள் தவிலை வரப்பில் வைத்துவிட்டு வந்தார்கள். வேதக்காரத் தெருவும் காளியம்மன் தெருவும் ஒரே சேற்றில் நின்று, "ஏலேலோ" என்று தள்ளின. பால்சாமி உக்கிரபாண்டியை இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தான். மதலேன் பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு பின்னால் போய்ச் சுப்புத்தாயின் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள்.

"வெரசா, வெரசா! இன்னொரு தள்ளு!"

ஜீப்பு உறுமியது, துள்ளியது, எல்லார் முகத்திலும் சேற்றை வாரி அடித்துவிட்டு வரப்பேறி ரோட்டுக்கு வந்தது. பிரேக் பிடித்தால் எஞ்சின் அணைந்துவிடும் என்று பால்சாமி நிறுத்தவில்லை. மதலேனைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினான். அவள் கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினாள், கையைப் பிடித்துத் தாவி முன்சீட்டில் ஏறினாள். கல்யாண சனமெல்லாம் சாமியாரை முன்னால் விட்டுக்கொண்டு, கூவிக்கொண்டு, ஜீப்பின் பின்னாலேயே ஓடியது.